கணவாய் வரும்போது அம்மாவிடம் பேசிக்கொண்டே வா

பிரபு கண்ணு,

வியாழக்கிழமை நீ அந்தக் கேரவனைக் கொண்டுவந்து நம் தெருமுனையில் நிறுத்தும்போது நான் வீட்டில் இருக்க மாட்டேன். நாளைக் காலை ரயிலில் நித்யாவின் தம்பி, உன் மச்சான், என்னைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போகிறான். வெள்ளிக்கிழமை என் நெஞ்சைத் திறக்கிறார்கள். அதற்கு முன்னால் அங்கே வந்து என்னை ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்கிறாள் உன் அம்மா. எனக்கும் அவளைப் பார்க்க வேண்டும். இடுப்பில் தகடு வைத்த பிறகு பஸ்ஸிலோ ரயிலிலோ அவளால் அவ்வளவு நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார முடியாது என்பது உனக்கே தெரியும். படுக்கையும் கழிப்பறையும் உள்ள உன் வண்டியை விட்டால் வேறு வழியில்லை. போன மாதம் அவள் கத்திக் கூப்பாடு போட்டுப் பாதியில் இறங்கியதும் அதே வண்டியிலிருந்துதான். இந்தத் தடவை அவள் இறங்காமல் வந்து சேர வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இதைப் போனிலேயே சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் நீ "சரிப்பா, சரிப்பா" என்பாய், அத்தோடு முடிந்துவிடும். இது ரகசியக் கடிதமும் இல்லை. உன் அம்மா எதிரே கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் படித்துக்காட்டச் சொல்கிறாள். "கத்திக் கூப்பாடு போட்டு" என்று படித்ததும், நான் எங்கே கூப்பாடு போட்டேன், நிறுத்தச் சொன்னேன், அவ்வளவுதானே என்று சண்டைக்கு வந்தாள். நீ நிறுத்தச் சொன்னது டோல்கேட் வரைக்கும் கேட்டது என்றேன். முறத்திலிருந்த பூண்டுத் தோலை என் பக்கமாக ஊதிவிட்டாள். காகிதத்தில் ஒன்றிரண்டு ஒட்டியிருந்தால் தட்டிவிட்டுப் படி. நீ படித்த பிறகு நித்யாவும் படிக்கட்டும். யாரிடமும் மறைக்க இதில் ஒன்றுமில்லை.

போன மாதம் என்ன நடந்தது என்பதை முதலில் நேராக்கிவிடுகிறேன். என்னைக் கோயம்புத்தூர் டாக்டரிடம் காட்டுவதற்காக வண்டியோடு வந்தாய். தெருவில் எல்லோரும் சினிமா ஷூட்டிங் வண்டி வந்திருக்கிறது, யார் நடிகர் என்று கேட்டார்கள். நான்தான் என்று சொல்லிக்கொண்டேன். அம்மாவுக்காகப் பின்னால் இருந்த படுக்கையில் புது மெத்தை போட்டிருந்தாய். வெளிச்சம் குத்தக் கூடாது என்று திரையை இழுத்துவிட்டாய். ஏசியை அளவாக வைத்தாய். நித்யாவைத் தனியாகக் கூப்பிட்டு, தொப்பூர் கணவாய் வரும்போது அம்மாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம், தூங்கிக்கொண்டே தாண்டிவிடட்டும் என்றாய். என் காதிலும் அதையே சொன்னாய். நானும் தலையாட்டினேன். உன் மனசில் இருந்தது அன்பு. அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

நல்லம்பள்ளி வரை சிரித்துப் பேசிக்கொண்டுதான் போனோம். டோல்கேட்டைத் தாண்டியதும் நீ பேச்சை நிறுத்தினாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பின்னால் பாத்திர அலமாரி கடகடவென்று ஆடியது, கழிப்பறைக் கதவு தானாகத் திறந்து மூடியது, அடியில் தொட்டித் தண்ணீர் மோதியது. அம்மா, என்ன சத்தம், எங்கே வந்திருக்கிறோம் என்று கேட்டாள். நித்யா, ஒன்றுமில்லை அத்தை, தூங்குங்கள் என்றாள். அவ்வளவுதான். எழுந்து திரையைப் பிய்த்து, கண்ணாடியைக் கையால் அடித்து, நிறுத்து நிறுத்து என்றாள். இடுப்பில் தகடு இருப்பதுகூட அவளுக்கு நினைவில்லை. நீ ஓரம்கட்டினாய். ரோட்டோரத்தில் இறங்கி நின்றுகொண்டு, யாருக்கு என்ன ஆச்சு, சொல்லு, யாருக்கு என்ன ஆச்சு என்றே திரும்பத் திரும்பக் கேட்டாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று நீ எத்தனை தடவை சொல்லியும் அவள் நம்பவில்லை. கடைசியில் நீயும் கத்தினாய்.

"உனக்காகத்தானம்மா இவ்ளோ பண்ணேன். இனிமே உன்ன எங்கயும் கூப்புட மாட்டேன்."

வண்டியைத் திருப்பி வந்து எங்களை இறக்கிவிட்டுவிட்டு, அடுத்த ஷூட்டிங் புக்கிங் வரும்வரை வண்டி இங்கேயே நிற்கட்டும் என்று நம் ஊர் டிரைவர் பாஷா பாயிடம் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாய். பிறகு நான் ரயிலில்தான் டாக்டரிடம் போய்வந்தேன். இந்த ஒரு மாதமாக அவளிடம் "சாப்ட்டியாம்மா" என்பதற்கு மேல் நீ ஒரு வார்த்தை பேசவில்லை. உன் கோபம் நியாயம்தான். ஆனால் யாருக்கு என்ன ஆச்சு என்று அவள் ஏன் கேட்டாள் என்று நீ யோசித்தாயா? நானே அதுவரை யோசித்ததில்லை. உன் அண்ணன் உயிர் போனது அந்த ரோட்டில், அதனால் அவளுக்கு அந்த ரோடு பயம் என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் அவளுக்கு இடுப்பில் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே, இன்னும் எத்தனை நாளைக்கு அந்த ரோட்டுக்குப் பயப்படப்போகிறாய் என்று கொஞ்சம் எரிச்சலாகத்தான் கேட்டேன். அதற்கு அவள் சொன்னது இது.

"எனக்கு ரோடு பயமில்லீங்க. வண்டிக்குள்ள எல்லாரும் வாய மூடிக்கிட்டு வர்றீங்க பாருங்க, அதுதான் பயம். அன்னிக்கும் அப்படித்தான் கூட்டியாந்தாங்க."

அன்றைக்கு நீ பத்தாம் வகுப்பு. வீட்டில் நடந்ததை நீ பார்த்தாய். காரில் நடந்தது உனக்குத் தெரியாது. உன் அம்மா ஓமலூரில் உன் மாமா வீட்டு விசேஷத்துக்குப் போய் அங்கேயே தங்கியிருந்தாள். உன் அண்ணன் சேகர் காலையில் வேலைக்கு பைக்கில் சேலம் கிளம்பினான். கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வந்த லாரி அவனைப் பின்னாலிருந்து அடித்தது. அவனைத் தருமபுரிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கொண்டுவரும்போதே உயிர் இல்லை. நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்று உன் மாமாவுக்குப் போன் செய்தேன். நம் பக்கத்தில் சாவுச் செய்தியைப் பெற்றவளிடம் நேராகச் சொல்கிற வழக்கமில்லை. உடம்பு சரியில்லை, கொஞ்சம் சீரியஸ், கிளம்பு என்று வண்டியில் ஏற்றிவந்து வாசலில் விட்டுவிடுவோம். மிச்சத்தை அவளே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். வழியிலேயே மயங்கி விழுந்துவிடுவாள், அதனால்தான் என்று காரணம் சொல்வோம். உண்மையில் அதைச் சொல்கிற வாய் நம் வாயாக இருந்துவிடக் கூடாது என்பதுதான் காரணம். நானும் அப்படித்தான் செய்தேன். சேகர் பெயரை எடுக்காதே, எனக்கு நெஞ்சு வலி என்று சொல்லிக் கூட்டிவா என்றேன். உன் மாமா அப்படியே சொன்னார்.

"அக்கா, மாமாவுக்கு லேசா நெஞ்சு வலி. ஒண்ணும் பயமில்ல, கெளம்பு போலாம்."

கார் முழுக்கச் சொந்தக்காரர்கள். அவளைத் தவிர எல்லோருக்கும் தெரியும். வழியெல்லாம் எனக்காக அவள் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். கணவாய் ஏறும்போது எதிர்ப்பக்க ரோட்டில் கூட்டம் நின்றிருக்கிறது. போலீஸ் ஜீப், ஓரத்தில் நசுங்கிய ஒரு பைக். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, பாவம், யார் பெத்த பிள்ளையோ என்றிருக்கிறாள். காரில் ஒருவர்கூடப் பதில் சொல்லவில்லை. முன் சீட்டில் இருந்த உன் மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டிருக்கிறார். அப்போதே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டதாம். ஆனாலும் என்னைத்தான் நினைத்திருக்கிறாள், நான் போய்விட்டேன், அதை மறைக்கிறார்கள் என்று. தெருவுக்குள் வந்து கார் திரும்பியபோது பந்தல்காரன் கம்பு இறக்கிக்கொண்டிருந்தான். நான் வாசலில் நின்றிருந்தேன். முழுசாக, உயிரோடு. என்னைப் பார்த்தவுடன் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். அதை எழுத மாட்டேன். தாலி கட்டியவன் உயிரோடு நிற்பதைப் பார்த்து ஒரு பெண் அப்படி அலறியதை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அந்த அலறல் எனக்கு இன்றும் கேட்கிறது. போன மாதம் நீ வந்து, அப்பாவுக்கு நெஞ்சில் பிரச்சினை, கோயம்புத்தூர் போகலாம் என்று அவளிடம் சொன்னாய். உண்மையைத்தான் சொன்னாய். ஆனால் அதே வார்த்தை, அதே கணவாய், அதே போல வாயை மூடிக்கொண்ட சொந்தக்காரர்கள், போதாததற்குத் திரை வேறு. உன் பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது, அதை மறைத்துத்தான் கூட்டிப்போகிறோம் என்று அவள் நினைத்துவிட்டாள். அங்கே முன் சீட்டில் நான் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தும் என் நோயை அவள் நம்பவில்லை. ஒரு பொய்க்கு என் நெஞ்சைக் கடன் கொடுத்தேன். இப்போது நிஜமாகவே வலிக்கும்போது வீட்டுக்காரியே நம்ப மாட்டேன் என்கிறாள்.

இத்தனை வருஷம் அவளோடு குடித்தனம் நடத்திவிட்டு இதை நான் எப்படிக் கவனிக்காமல் விட்டேன் என்றுதான் ஆத்திரமாக வருகிறது. நம் கண் முன்னாலேயே இருந்தது. இடுப்பு முறிவதற்கு முன்னால் சித்தேரி மலைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனாளே, ஞாபகம் இருக்கிறதா? அந்த வளைவுகளில் மலை பஸ் முக்கி முனகி ஏறும்போது எனக்கே குடல் வாய்க்கு வந்தது. அவள் பக்கத்து சீட்டுக்காரியிடம் சாமை என்ன விலை என்று கேட்டுக்கொண்டு, கொடுத்த கடலையைத் தின்றுகொண்டு வந்தாள். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே கடத்தூர் போய்வருவாள். ஆனால் சொந்தக்காரர் காரில் ஏறச் சொன்னால் தலைவலி, வயிற்று வலி, ஏதாவது ஒன்று வந்துவிடும். மலை பஸ்ஸில் போகிறவளுக்குக் கார் ஆகவில்லையாம், கலெக்டர் வீட்டு அம்மா என்று நீயும் நானும் எத்தனை தடவை கேலி செய்திருக்கிறோம். பஸ்ஸில் இருப்பவர்கள் அந்நியர்கள். அவர்களுக்கு அவளிடம் மறைக்க ஒன்றுமில்லை. கண்டக்டர் ஒவ்வொரு ஊர் பெயரையும் கத்திச் சொல்கிறார். நாம்தான் சொல்லாமல் கூட்டிப்போகிறவர்கள்.

அதனால் நீ விட்டுப்போன வண்டியை வைத்து நான் ஒரு வேலை செய்தேன். உனக்குச் சொல்லவில்லை, சொன்னால் டீசல் தீர்ந்தது எப்படி என்று கேட்பாய். முதல் நாள் வண்டியை நகர்த்தவே இல்லை. அவளை மெதுவாக ஏற்றி உட்காரவைத்து, உள்ளேயே டீ போட்டுக் குடித்தோம். அலமாரியைத் திறந்து பார்த்தாள். தட்டுகளை எப்படி அடுக்கியிருக்கிறான் பார், பிள்ளையை இப்படியா வளர்த்தோம் என்று உன்னைத் திட்டினாள். தட்டுக்குத் தட்டு நடுவில் துண்டு மடித்து வைத்தாள். கழிப்பறைக் கதவை ஒரு பழைய புடவைக் கிழிசலால் கட்டினாள். அதை அவிழ்த்து எறிந்துவிடாதே. அசிங்கமாகத்தான் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். அடுத்த நாள் பாஷா பாயை இஞ்சினை மட்டும் ஓடவிடச் சொன்னேன். புஸ்ஸென்று காற்று விடுவது பிரேக், அடியில் சலசலப்பது தண்ணீர்த் தொட்டி, உறுமுவது ஏசிக்கான ஜெனரேட்டர் என்று ஒவ்வொன்றாக அவர் காட்டினார். அவள் புகுந்த வீட்டுச் சொந்தக்காரர்களைத் தெரிந்துகொள்வது போல எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டாள். இப்போது அந்தச் சத்தங்களில் எது என்ன என்று உன்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ரோட்டுக்குப் போனோம். பின்னால் இருக்கும் படுக்கை அவளுக்கு ஒத்துவராது, கண்ணு. அது பின் சக்கரத்துக்கும் பின்னால் இருப்பதால் ஒரு சின்னப் பள்ளத்துக்கே ஆளைத் தூக்கிப்போடுகிறது. வளைவில் வேறு ஊஞ்சல் மாதிரி வீசுகிறது. படுத்திருப்பவளுக்கு ரோடும் தெரியாது, ஓட்டுகிறவன் முகமும் தெரியாது. ஓட்டுகிறவனுக்குப் பின்னால் இருக்கும் சீட்டில் முன்பக்கம் பார்த்தமாதிரி உட்காரவைத்து, எதிரில் ஒரு பெட்டி போட்டு அதன்மேல் தலையணை வைத்துக் காலை நீட்டிவிட்டோம். பெல்ட்டையும் போட்டுவிட்டோம். அங்கிருந்து பெரிய கண்ணாடி வழியாக எல்லாம் தெரிகிறது. வலிக்கும்போது மட்டும் வண்டியை நிறுத்தி, பின்னால் கூட்டிப்போய்ப் படுக்கவைத்தோம். நான் இத்தனை வருஷம் கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவன். மாட்டைக் கண்ணைக் கட்டி லாரியில் ஏற்றினால் சுலபமாக ஏறிவிடும், ஆனால் உள்ளே நின்று நடுங்கிக்கொண்டே வரும். பழகிய ஆள் பக்கத்தில் நின்று குரல் கொடுத்துக்கொண்டே வந்தால் அசைபோட ஆரம்பித்துவிடும். இந்த வரியை உன் அம்மாவிடம் படித்துக்காட்டியபோது, இவ்வளவு நாள் கழித்து என்னை மாடாக்கிவிட்டீர்களா என்றாள். அசைபோடுகிற மாடு என்றேன்.

நான்தான் கண்டக்டர். நல்லம்பள்ளி வருது, பாலத்து மேல ஏறுறோம், பெரிய லாரி ஒன்று முந்தப்போகிறது, காற்றில் வண்டி ஒரு பக்கம் சாயும், பாஷா பாய் பிரேக் போடப்போகிறார், பிடித்துக்கொள் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தேன். அவளும் கையை மடியில் வைத்துக்கொண்டு சாதாரணமாக வந்தாள். ஆனால் கத்திக் கத்தி எனக்கு மூச்சு முட்டிவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் என்னையே உற்றுப் பார்த்தாள். என் நோய் நிஜம் என்று அவள் நம்பியது அப்போதுதான் என்று நினைக்கிறேன். நீங்கள் வாயை மூடுங்கள், நான் சொல்கிறேன் என்றாள். அதற்குப் பிறகு திரும்பி வரும்வரை அவளே சொல்லிக்கொண்டு வந்தாள். மாம்பழக் கூழ் பேக்டரி, பெட்ரோல் பங்க், கரும்பு லோடு டிராக்டர், குறுக்கே ஒரு நாய். அவள் குரலில் அப்படி ஒரு தெம்பைக் கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது. பாஷா பாய் ஒவ்வொன்றுக்கும் "ஆமாங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

போன வாரம் கணவாய் ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் போனோம். டோல்கேட் தாண்டியதும் அவள் குரல் சின்னதாகிவிட்டது. இறக்கம் என்று பலகை வைத்திருக்கிறார்களே, அதைப் படித்தாள். அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. நான் பேசியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன், வார்த்தை வரவில்லை. எனக்கும் அந்த இடம் அந்த இடம்தானே. இன்றைக்கு இது போதும், திருப்பச் சொல்லுங்கள் என்றாள். பாஷா பாய் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல், அடுத்த திருப்பத்திலேயே திருப்பிவிட்டார். வீட்டுக்கு வந்ததும், சொன்னதும் திருப்பினாரே, அந்த மனுஷனோடு எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றாள். மறுநாளே ஷூட்டிங் புக்கிங் என்று பாஷா பாய் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆக, மிச்சம் இருப்பது அந்தக் கணவாய்தான். அதை என்னால் முடிக்க முடியவில்லை, உன்னிடம் விட்டுவிட்டுப் போகிறேன்.

வியாழக்கிழமை எப்படியாவது வேகமாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்று நினைக்காதே. கிளம்புவதற்கு முன்னால் எங்கெங்கே நிறுத்தப்போகிறாய் என்று அவளிடம் சொல். அவள் நடுவில் நிறுத்தச் சொன்னால், இன்னும் கொஞ்ச தூரம்தானம்மா என்று சொல்லாமல், இடம் பார்த்து நிறுத்து. பயப்படாதே என்று மட்டும் சொல்லாதே, அந்த வார்த்தையைக் கேட்டாலே அவளுக்குப் பயம் வருகிறது. உன் மாமா சொன்ன வார்த்தை அது. போன் வந்தால் யார், என்ன விஷயம் என்று நித்யா சத்தமாகச் சொல்லட்டும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு குசுகுசுவென்று பேச வேண்டாம், அது பால்காரர் போனாக இருந்தாலும் சரி. பேரனைக் கூட்டிவர முடிந்தால் கூட்டிவா. அவன் கண் முன்னால் இருந்தால் பாதிக் கேள்வி அவளுக்கு எழாது. அவன் ஓயாமல் கேள்வி கேட்பான், அவளும் பதில் சொல்லிக்கொண்டே வருவாள்.

கணவாய் வந்ததும் அவள் பேச்சு நின்றுவிடும். அப்போது நீ பேச வேண்டும். அங்கே வண்டியை நிறுத்த முடியாது, கியரிலேயே மெதுவாக இறக்கிக்கொண்டு வா. "சேகர் அண்ணன் விழுந்த எடம் வருதும்மா" என்று சொல். வாய் வராது, எனக்குத் தெரியும். நம் வீட்டில் அவன் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லி எத்தனை வருஷம் ஆகிறது? அவள் மனசு தாங்காது என்று நான்தான் உனக்கும் சொல்லிவைத்தேன். அவள் தாங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், தன்னந்தனியாக. அந்த இடத்தில் அவள் அழுதால் அழட்டும். அவனைப் பற்றி ஏதாவது பேசினால் பேசட்டும். பாட்டுப் போட்டு மூடிவிடாதே. வளைவு முடிந்து தொப்பூர் வந்ததும் கணவாய் முடிஞ்சிதும்மா என்று சொல். அதற்குப் பிறகு அவளுக்கு டீ வேண்டுமா என்று கேள்.

இப்போது கடைசி விஷயத்துக்கு வருகிறேன். ஆபரேஷன் வெள்ளிக்கிழமைதான். ஆனாலும் டாக்டர் முன்னாலேயே வந்து படுக்கச் சொல்கிறார் என்றால் அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று எனக்குப் புரிகிறது. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, கண்ணு. உன்னிடம் அதைச் சொல்வதில் வெட்கமில்லை. நீ இங்கே வந்து அவளை ஏற்றுவதற்குள் அங்கிருந்து உனக்குப் போன் வந்துவிடலாம். அப்படி வந்தால், இங்கே அம்மாவுக்குத் துணைக்கு இருக்கிற உன் சித்தி, ஓமலூர் மாமா எல்லோரும் உன்னை ஓரமாகக் கூப்பிட்டுப்போவார்கள். இப்போது சொல்லாதே, அப்பா கொஞ்சம் சீரியஸ் என்று மட்டும் சொல்லிவை என்பார்கள். அவர்கள் நல்லவர்கள்தான். அன்றைக்கு நானும் நல்லவன்தான். அவர்கள் பேச்சைக் கேட்காதே. நேராக உள்ளே போய் அவளிடம் சொல். அப்பா போயிட்டாரும்மா என்று, அந்த வார்த்தையிலேயே சொல். வழியில் செய்தி வந்தால் வண்டியை ஓரம்கட்டு, இஞ்சினை நிறுத்து, சீட்டை விட்டு எழுந்து போய் அவளிடம் சொல். பிறகு வண்டியை எந்தப் பக்கம் திருப்பட்டும் என்று அவளையே கேள். என்னைப் பார்க்க அங்கே வருகிறாளா, வீட்டில் இருந்து என்னை எதிர்பார்க்கிறாளா என்பதை அவள் சொல்லட்டும். இன்னொரு தடவை ஒன்றும் தெரியாமல் அவள் இந்த வாசலில் வந்து இறங்கக் கூடாது.

இந்தப் பத்தியை அவளிடம் படித்துக்காட்ட வேண்டாம் என்று முதலில் நினைத்தேன். பேனாவை மூடிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். என்ன, படிக்கவில்லையா என்று கேட்டாள். வேறு வழியில்லாமல் படித்தேன். பூண்டு முறத்தைத் தள்ளி வைத்தாள். எழுந்து போய்விடுவாளோ, அழுவாளோ என்று நான் பார்த்தேன். இரண்டும் இல்லை.

"தள்ளி நின்னு சொல்ல வேணாம்னு எழுதுங்க. பக்கத்துல வந்து என் கையப் புடிச்சிக்கிட்டு சொல்லச் சொல்லுங்க. அன்னிக்கு ஒருத்தருகூட என் பக்கத்துல வரல."

அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன், கண்ணு. ஒரு வார்த்தையும் மாற்றவில்லை.

அப்பா